தோட்டப் பாட்டு மேடையேறிய வரலாறு

பாட்டு மக்களின் உள்ளத்திலே பிறக்கின்றது என்பர். அது மெய்யே. ஆயினும் பிறந்த பாட்டு வளர்வதற்கு ஓர் இடம் வேண்டும். கூடி நிற்பதற்கு ஒரு முற்றமும், செவிசாய்ப்பதற்கு ஒரு கூட்டமும், பாடியவனை மறுநாட் காலை பற்றுச்சீட்டுக் கொடுத்து வெளியேற்றிவிட முடியாத ஒரு பாதுகாப்பும் வேண்டும். இவை வாய்க்காத இடத்தில் பாட்டு முணுமுணுப்பாகவே இருந்து, பாடியவர்களோடு மண்ணுக்குள் போய்விடும். கலை வரலாறு எழுதுவோர் கலைஞனின் மேதையைப் பற்றி நிறையப் பேசுவர். அவன் நின்று பாடிய நிலம் யாருக்குச் சொந்தமாயிருந்தது என்பதைப் பெரும்பாலும் கேட்பதில்லை. தோட்டத் தொழிலாளரின் பாட்டைப் பற்றிப் பேசுங்கால் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி அதுவே.

மிஸிஸிப்பியின் பருத்தித் தோட்டமும் ஊவாவின் தேயிலைத் தோட்டமும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களிற் கிடப்பன. எனினும் இரண்டும் ஒரே பொருளாதார ஏற்பாட்டின் குழந்தைகள். நிலம் ஒருவனுக்கு, உழைப்பு மற்றொருவனுக்கு, கணக்குப் புத்தகம் நிலமுடையோன் கையில் என்பதே அந்த ஏற்பாடு. அமெரிக்காவில் அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்தது. அதன் பின்னரும் கறுப்பின உழவன் குத்தகை வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டான். விதையும் உணவும் கடனாகக் கிடைத்தன. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தபோது கடன் மிஞ்சியது. நம் மலைநாட்டில் இதே வேலையைத் 'துண்டு' செய்தது. தொழிலாளியின் கடன் தொகையை எழுதிய அந்தச் சீட்டு, ஒரு குடும்பத்தைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றும் கருவியாயிற்று. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்தது. கங்காணியின் பிடி அன்றோடு முற்றும் தளர்ந்துவிடவில்லை.

இத்தகைய ஒரு பருத்தித் தோட்டத்திலிருந்து எழுந்தவர் ரோபக் ஸ்டேபிள்ஸ். 'பொப்ஸ்' என்று உலகம் அறிந்த அவர், 1914ஆம் ஆண்டு டிசம்பரில் மிஸிஸிப்பி மாநிலத்தின் வினோனா என்னும் சிற்றூரின் அருகே, 14 பிள்ளைகளில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். வில் டொக்கரி என்பவரின் பெருந்தோட்டத்தில் வளர்ந்தார். சார்லி பேட்டன் முதலிய கறுப்பின இசைக்கலைஞர்கள் உலவிய தோட்டம் அது. பருத்தி பறித்த கை அங்கேயே கிட்டாரும் பழகியது. 1936இல் ஸ்டேபிள்ஸ் சிக்காகோ நகருக்குக் குடிபெயர்ந்து இறைச்சித் தொழிற்சாலையில் கூலிவேலை செய்தார். தம் பிள்ளைகளுக்குத் தாமே பாடக் கற்பித்து, 1948 முதல் குடும்பமாக ஆலயங்களிற் பாடத் தொடங்கினார். மகள் மேவிஸ் அப்பொழுது சிறுமி. வயதுக்கு மீறிய கனம் அவள் குரலில் இருந்தது.

அவர்கள் பாடியது 'கொஸ்பல்' எனப்படும் நற்செய்திப் பாட்டு. பொருள் இறைவனைப் பற்றியது. கிட்டாரின் அதிர்வோ பருத்திக் காட்டினுடையது. 1956இல் அவர்களது இசைத்தட்டு ஒன்று பெரும் புகழ் பெற்றது. 1960களின் தொடக்கத்தில் மான்ட்கொமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங்கின் பேச்சைக் கேட்ட பின்னர் அக்குடும்பத்தின் பாட்டு புதிய திசையில் திரும்பிற்று. 1957இல் லிட்டில் ரொக் நகரப் பாடசாலையின் வாயிலிலே தடுக்கப்பட்ட 9 கறுப்பின மாணவரைப் பற்றிப் பொப்ஸ் ஒரு பாட்டு இயற்றினார். 1965இல் வாக்குரிமை கேட்டுச் செல்மாவிலிருந்து மான்ட்கொமரிக்கு மக்கள் நடந்தபோது அந்த நடையைப் பற்றியும் ஒரு பாட்டு எழுந்தது. சிக்காகோவின் ஓர் ஆலயத்தில், வழிபாட்டுக்கு வந்த மக்களின் முன்னிலையில் அது பாடிப் பதிவு செய்யப்பட்டது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். ஆலயப் பாட்டு போராட்டப் பாட்டாக மாறுவதற்குப் புதிய இசை தேவைப்படவில்லை. மெட்டை மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்தனர். எதிரொலித்துப் பாடவும் கைதட்டி நடை கூட்டவும் பழகியிருந்தனர். சொற்களில் ஒன்றிரண்டு மாறியதும் வழிபாடு கோரிக்கையாயிற்று. அமெரிக்க உரிமைப் போரின் தலையாய பாட்டே இத்தகைய வரலாறுடையது. 1945, 1946ஆம் ஆண்டுகளில் சார்ள்ஸ்ற்றன் நகரப் புகையிலைத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் செய்த பெண்கள் ஆலயத்தில் அறிந்த பாட்டை மறியலிற் பாடினர். அங்கிருந்தே அது நாடெங்கும் பரந்தது.

பின்னர் ஸ்டேபிள்ஸ் குடும்பம் ஆலய வாயிலைத் தாண்டிற்று. 1968இல் மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்து, 'சோல்' என்ற இசையைப் பாடினர். சுயமரியாதையை வலியுறுத்தும் பாட்டொன்று 1971இல் வெளிவந்தது; 1972இல் மற்றொரு பாட்டு விற்பனையில் நாட்டின் முதலிடத்தை எட்டியது. கடவுளை விட்டுச் சந்தைக்குப் போயினர் என்று பழைய அன்பர் சிலர் குறை கூறினர். 1972 ஆகஸ்ட் 20ஆந் திகதி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பெரு மைதானத்தில் ஒரு டொலர் கட்டணத்துக்கு நடந்த இசைவிழாவில், ஏறக்குறைய ஒரு லட்சம் மக்களின் முன் அவர்கள் பாடினர். ஏழாண்டுகளுக்கு முன் அந்நகரின் வாட்ஸ் பகுதியில் எழுந்த கிளர்ச்சியின் நினைவாக நடந்த விழா அது. அந்நிறுவனம் 1975இல் முறிந்தது, பாட்டு முறியவில்லை. பொப்ஸ் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்தார்.

ஒரு பருத்தித் தொழிலாளியின் மகன் இவ்வளவு தூரம் வந்ததற்குத் திறமை மட்டும் காரணமன்று. கறுப்பின மக்களுக்கென்று ஓர் இடம் இருந்தது. அவர்களது ஆலயம், அவர்களே சில்லறை சேர்த்து நடத்தியது. போதகர் அவர்களது சம்பளத்தில் இருந்தவர். வெள்ளை முதலாளியின் கட்டளை அந்தக் கதவு வரையிலுமே சென்றது. 1955இல் மான்ட்கொமரி பஸ் புறக்கணிப்புத் தொடங்கியபோது மக்கள் கூடியதும் ஆலயத்திலேதான். பாட்டுக்கு முற்றமும் கூட்டமும் பாதுகாப்பும் ஒருங்கே கிடைத்தன.

இனி நம் மலைநாட்டை நோக்குவோம். பாட்டுக்கு இங்கே பஞ்சமிருந்ததில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் கும்மியும் தமிழகத்திலிருந்து கடல் கடந்து மக்களோடு வந்தன. காமன்கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் லயத்து வாசல்களில் இரவு முழுவதும் ஆடப்பட்டன. காட்டுவழி நடந்து வந்த துயரமும், கங்காணியின் கொடுமையும், கொழுந்து நிறுக்கும்போது நடக்கும் களவும் பாட்டிலே புகுந்தன. ஆனால் அப்பாட்டு ஒலித்த நிலம் அங்குலம் அங்குலமாகத் தோட்டத்துக்குச் சொந்தம். லயம் தோட்டத்துடையது. ரோட்டுத் தோட்டத்துடையது. மாரியம்மன் கோயில் நின்ற மண்ணுந் தோட்டத்துடையதே. திருவிழா நடத்தத் துரையின் அனுமதி வேண்டும். முதல் மரியாதை பெரிய கங்காணிக்கு. தப்பின் கதையைப் பாருங்கள். விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு விரட்டியதும் தப்பு. சாவு வீட்டில் அழுததும், காமன் பண்டிகையில் ஆடியதும் அதே தப்பு. அதை அடித்தவனோ சாதியின் பெயரால் லயத்தின் கடைசிக் காம்பராவுக்கு ஒதுக்கப்பட்டவன்.

கிறிஸ்தவ ஆலயம் இங்கும் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. தோட்டத் தொழிலாளருக்கென 1854இல் தொடங்கப்பட்ட மிஷனின் பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்' என்பது. அது தோட்டத்துரைமாரின் ஆதரவோடு நடந்தது. ஆகவே ஆலயம் இருந்ததா என்பதன்று கேள்வி. அது யாருடைய ஆலயம் என்பதே கேள்வி. கூலி கொடுப்பவனின் ஆதரவில் நிற்கும் முற்றத்திலே கூலி உயர்வு கேட்கும் பாட்டு பிறவாது.

மலைநாட்டுப் பாட்டுக்கு வேறோர் இடம் தேவைப்பட்டது. அதைக் கட்டிக்கொடுத்தது தொழிற்சங்கம். அந்த இடத்திலே முதலில் நின்று பாடியவர்களுள் தலைசிறந்தவர் ஒரு பெண். அவரே மீனாட்சியம்மாள்.

தஞ்சைப் பகுதியில் பிராமணக் குடும்பத்திற் பிறந்த கோ. நடேசய்யரின் மனைவி அவர். நடேசய்யர் முதலில் இலங்கைக்கு வந்தபோது, அந்நியர் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி வேடத்திற் சென்று நிலைமையைக் கண்டறிந்தவர். 1920களின் தொடக்கத்தில் கொழும்பில் நிலைகொண்டு பத்திரிகைத் தொழிலில் இறங்கினார். 1924இல் 'தேசபக்தன்' வெளிவந்தது. 1925இல் சட்டசபை உறுப்பினரானார். ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தில் அவரோடு சேர்ந்து உழைத்தார். பின்னர் குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கெதிரான இனவாதத்தின் பக்கம் சாய்ந்தபோது அவரை விட்டுப் பிரிந்தார். அட்டனுக்குச் சென்று 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். இந்த வாழ்வு முழுவதிலும் மீனாட்சியம்மாள் பங்காளியாக நின்றார். பத்திரிகையில் எழுதினார், கூட்டங்களிற் பேசினார், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடினார்.

அக்காலத்து ஒரு தொழிலாளர் கூட்டத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சங்கத்தார் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. ஆகவே கூட்டம் தோட்டத்துக்கு வெளியே, கடைவீதியை அண்டிய பொது நிலத்தில்தான் நடக்க முடியும். வருவோர் எழுத்தறியாதவர்; துரைக்கும் கங்காணிக்கும் அஞ்சியவர்; பெண்களோ பொதுக்கூட்டம் என்பதைக் கண்டே அறியாதவர். துண்டுப்பிரசுரத்தை அவர்கள் படிக்க மாட்டார்கள். நீண்ட சொற்பொழிவு அவர்கள் மனத்தில் நில்லாது. பாட்டு நிற்கும். பாரதி 1921இல் மறைந்த பின் சில ஆண்டுகளிலேயே அவர் பாடல்களை மலைநாட்டு மேடைகளிற் பரப்பியவர் மீனாட்சியம்மாள். அத்தோடு நில்லாமல், மக்கள் நாவிற் பழகிய மெட்டுகளில் தாமே பாட்டுகள் இயற்றிச் சிறு நூல்களாக அச்சிட்டார். சிக்காகோவில் பின்னாளில் பொப்ஸ் ஸ்டேபிள்ஸ் கையாண்ட உத்தி இதுவே: தெரிந்த மெட்டு, புதிய சொல். கூட்டத்திற் கேட்டவள் லயத்துக்குத் திரும்பி அடுப்படியில் அதைப் பாடுவாள். சங்கத்துக்காரன் நுழைய முடியாத தோட்டத்துக்குள் சங்கத்தின் பாட்டு நுழைந்துவிடும். மெட்டுக்கு எதிராக அத்துமீறல் வழக்குப் போட எந்தத் துரையாலும் முடியாது.

அவருடைய நூல்களுள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' 1940இல் வெளிவந்தது. அந்த ஆண்டின் பின்னணியை மாணவர்கள் மனங்கொள்ள வேண்டும். 1939இல் அரசாங்கம் தன்னிடம் நாட்கூலிக்கு இருந்த இந்தியத் தொழிலாளரை வேலையினின்று நீக்கும் நடவடிக்கையை எடுத்தது. ஜூலை மாதத்தில் நேரு இலங்கை வந்தார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. இந்நாட்டுக்குத் தம் உழைப்பைக் கொடுத்த மக்கள் இந்நாட்டுக்கு அந்நியரா என்ற கேள்வி எழுந்த காலம் அது. அக்கேள்வியைச் சட்டசபையில் நடேசய்யர் வாதமாக எடுத்துரைத்தார். மீனாட்சியம்மாள் அதைப் பாட்டாக்கி மக்கள் கையிற் கொடுத்தார்.

பாட்டு இயற்றிய பெண், தன்னைக் கேட்ட பெண்களின் நிலையை அறிந்தவர். 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலிப்படி உயர்ந்த மலைப்பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண். குறைந்த கூலியும் அவளுக்கே. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது 1984இலேதான் கைகூடிற்று. மேடையேறிப் பாட ஒரு பெண் துணிந்தாள் என்பதன் பொருளை இந்தக் கணக்கோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

பாட்டு மட்டும் எதையும் வென்றுவிடாது; இதையும் நேர்மையாகக் கூற வேண்டும். 1940ஆம் ஆண்டு மலைநாட்டில் வேலைநிறுத்த அலை எழுந்தது. ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானான். அலை தெற்கே பரந்து நமது ஊவாவை எட்டியது. பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில் சமசமாஜக் கட்சியினர் வழிநடத்திய தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையோடு கலந்தே நிர்வாகம் நடத்தத் துரை இணங்கினார். அடக்க வந்த ஆயுதப் பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் களைந்தனர் என்பது அப்போராட்டத்தின் வியத்தகு செய்தி. முடிவில் பொலிஸ் அடக்குமுறை வென்றது; ஊவாவை ஒரு வாரத்துக்கு மேலாக நாட்டினின்று துண்டித்த பெருவெள்ளமும் அதற்குத் துணைபோயிற்று. அந்த எழுச்சியைச் செய்தது ஒழுங்கமைந்த சங்கம். ஆனால் தாம் ஓர் இனம், தமக்கு ஒரு நியாயம் உண்டு என்று பத்தாண்டுகளாக மக்கள் செவியிற் பாடியவர்கள் இல்லாவிடில் அத்தகைய சங்கம் எங்கிருந்து வரும்?

பின்னர் நடந்ததை அறிவோம். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டு மக்கள் இந்தியன் காங்கிரசின் சார்பில் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். பதுளைத் தொகுதியும் அதில் அடங்கும். அதே ஆண்டில் நடேசய்யர் மறைந்தார். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமை போயிற்று. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கிற்று. 1924 முதல் பதுளைக்கு ஓடிய அதே ரயிலில் ஏறி, தலைமன்னார் வழியாகக் குடும்பங்கள் பிரிந்து சென்றன. நீலகிரித் தேயிலைக் காடுகளில் மீண்டும் கொழுந்து பறிக்க அமர்ந்தோர் பலர். ஒரு மக்கட் கூட்டம் இரண்டாகப் பிளக்கப்படும்போது அதன் பாட்டும் பிளக்கின்றது. தாலாட்டின் முதலடி இங்கே, மறுவடி கோத்தகிரியிலே என்றாயிற்று.

இவ்விடத்தில் இரு வரலாறுகளையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். ஸ்டேபிள்ஸ் குடும்பத்தின் குரல் இசைத்தட்டில் இருக்கின்றது. அதனால் வணிகர் பெரும்பொருள் ஈட்டினர் என்பதும் மெய். எனினும் பாடியவரின் பெயர் அழியவில்லை. மீனாட்சியம்மாளின் பாட்டு மலிவான தாளில் அச்சாகி, கைக்குக் கை மாறி, கிழிந்து போன இனத்தைச் சேர்ந்தது. அவரை நாம் இன்று அறிவது சிலரது உழைப்பினாலே. சாரல் நாடன் 1988இல் நடேசய்யரைப் பற்றி எழுதிய நூலும், அந்தனி ஜீவாவின் கட்டுரைகளும், குமாரி ஜயவர்த்தனவின் ஆய்வுகளும் இல்லாவிடில் அப்பெயரும் கணவரின் நிழலிலே மறைந்திருக்கும். பொப்ஸ் பிறந்த அதே 1914ஆம் ஆண்டில், பூண்டுலோயா மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. அவர் திரட்டிய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' அவர் மறைந்து மூன்றாண்டுகளின் பின், 1987இல் நூலாயிற்று. அத்திரட்டில் பாட்டு உண்டு. பாடிய ஆயிரமாயிரம் பெண்களின் பெயரை வரலாறு எழுதி வைக்கவில்லை.

இதில் வர்க்கத்தின் கதையும் உண்டு. நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் தோட்டக் கூலிகளாகப் பிறந்தவரல்லர்; சி. வி.யும் கங்காணிக் குடும்பத்தின் வழிவந்தவர். கல்வியும் அச்சும் கைவரப்பெற்றோர் தம் மக்களிடம் இறங்கி வந்து செய்த பணி அது. அதனை நன்றியுடன் போற்றுவோம். ஆனால் பருத்தி பறித்தவனே பாட்டும் பாடி, தன் பெயரிலேயே அதை உலகுக்கு அளித்தான் அங்கே. இங்கே தப்பு அடித்தவனும் கொழுந்து பறித்தவளும் தம் பெயரில் மேடையேற வெகுகாலம் சென்றது. பாட்டு மேடையேறியது, பாடியவள் லயத்திலேயே நின்றுவிட்டாள்.

இன்று நிலைமை மாறியிருக்கின்றது. 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. தோட்டத்தின் பிள்ளைமடுவத்தை அடுத்து ஓர் ஆசிரியரோடு கிடந்த பள்ளி, துரையின் கட்டளை செல்லாத இடமாயிற்று. அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு ஆலயம் எதுவாக இருந்ததோ, நடேசய்யர் காலத் தொழிலாளிக்குக் கடைவீதிக் கூட்டம் எதுவாக இருந்ததோ, அதுவாக இருக்கக்கூடிய முற்றம் இன்று பாடசாலையே. பசறையிலும் மடுல்சீமையிலும் அப்புத்தளையிலும் தெமோதரையிலும் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கும் மாணவரின் பாட்டிமார் அப்பாட்டுகளை இன்னும் அறிவர். பேரப்பிள்ளைகள் கேட்பதில்லை. கேட்பது கௌரவக் குறைவு என்று அவர்களுக்கு யாரோ கற்பித்திருக்கிறார்கள். அந்த யாரோவில் நமது பாடப்புத்தகமும் அடக்கம்.

ஆசிரியர் செய்யத்தக்க பணி எளியது. மாணவன் வீட்டுக்குப் போய் ஒரு பாட்டைக் கேட்டு எழுதி வரட்டும். பாட்டோடு பாடியவரின் பெயரை அவர் இசைவோடு எழுதட்டும். தோட்டத்தையும் டிவிசனையும், எந்த வேலையின்போது, எந்தச் சாவின்போது, எந்த வேலைநிறுத்தத்தின்போது பாடப்பட்டது என்பதையும் எழுதட்டும். சொல்லைத் திருத்த வேண்டாம். இலக்கணம் பார்க்க வேண்டாம். கங்காணியை வைததாயின் வைதபடியே எழுதட்டும். எழுதியதை வகுப்பில் உரக்கப் பாடட்டும். மேடைக்கு ஒரு பெண் வந்து பாடியபோது மலைநாட்டின் வரலாறு ஒருமுறை அசைந்தது. அவள் பெயர் தெரிந்தவர்கள் இன்று சிலர். லயத்திலே நின்றுவிட்ட மற்றப் பெண்களின் பெயர்களையேனும் நம் தலைமுறை தவறவிடலாகாது.